ஓடியும் தொப்பை குறையவில்லையே?

கேள்வி: வயது 41, எடை 84 கிலோ. ஒரு மாதமாக வாரம் 5 நாள், காலையில் 4 கி.மீ. ஓடுகிறேன். ஒரு கிலோகூட முழுதாகக் குறையவில்லை. தொப்பை அப்படியே இருக்கிறது. கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கிறது. ஜிம் டிரெய்னர் வயிற்றில் பெல்ட் கட்டி ஓடச் சொல்கிறார், கொழுப்பைக் கரைக்கும் பவுடரும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? - மதுரை வாசகர்

வாங்காதீர்கள்.

ஒரு கி.மீ. ஓடினால், சுமாராக உங்கள் எடை எத்தனை கிலோவோ அத்தனை கலோரி செலவாகும். உங்களுக்கு 4 கி.மீ.க்கு 330 சொச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 20 நாள் ஓட்டத்துக்கு ஒரு கிலோ கூட வராது. ஆக, உங்கள் ஓட்டத்தில் குறையில்லை. திரும்பும் வழியில் இரண்டு வடை, ஒரு டீ என்று உட்கார்ந்தால் அந்த 330 அங்கேயே சரியாகிவிடும். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டில்தான் கைவைக்க வேண்டும்.

பெல்ட் வியர்வையைக் கூட்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்க ஓட்டத்தாலும் முடியாது.

பவுடர் டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, 'கவர்ன்மென்ட் அப்ரூவல்' என்பார்கள். ஊறுகாய் பாட்டிலிலும் அதே மாதிரி எண் இருக்கிறது. உணவுப்பொருள் விற்க அனுமதி அது; எடை குறையும் என்பதற்குச் சான்று அல்ல. இப்படிப் பல டப்பாக்களில் முக்கியச் சரக்கு காஃபீன். படபடப்பும் தூக்கக்கேடும் உங்களுக்கு, கமிஷன் விற்றவருக்கு. பனியனில் 'டிரெய்னர்' என்று அச்சடித்துக்கொண்டால் போதும், என்ன படித்தாய் என்று கேட்க நாதியில்லை.

கால்வலிக்கு வருகிறேன். இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். நடைபாதையை பைக்குகளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொடுத்துவிட்ட ஊரில் எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். பள்ளி மைதானம் கிடைத்தால் விடாதீர்கள். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உடம்பு இறுக, வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறீர்களா? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு அல்லது இன்சுலின் என்றால் வெறும் வயிற்றில் ஓடவே ஓடாதீர்கள். ஓடும்போதும், ஓடி முடித்துச் சில மணி நேரம் கழித்தும்கூட சர்க்கரை தாழலாம். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால், 'ஓடின வியர்வைதானே' என்று விடாமல் அங்கேயே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். அதற்காகவே பொட்டலம் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடம் 'ஓட ஆரம்பித்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். டோக்கன் கூட்டத்தில் அவராகக் கேட்கமாட்டார்.