அம்பா, பெட்டியா? கட்டட வேலை: வாசகர் கேள்வி பதில்

பாலிடெக்னிக்கில் எந்த வேலை முடிந்து எது என்று காட்டும் நெட்வொர்க் படத்தை, அம்புக்குறியின் மேல் வேலையை எழுதித்தான் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். இங்கே கம்ப்யூட்டரில் எல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?
– வாசகர், பாளையங்கோட்டை

வேலையைப் பெட்டிக்குள் எழுதி, பெட்டிகளைக் கோட்டால் இணைக்கும் பெட்டி முறைக்கே வந்துவிடுங்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே போய், கடைசியிலிருந்து கழித்துக்கொண்டே திரும்பினால், எந்த வேலைக்கு எத்தனை நாள் ஃப்ளோட், அதாவது மொத்த வேலை தாமதமாகாமல் எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பது தெரிந்துவிடும். தகராறு வரைவதில்தான்.

மாடித் தளம் போடுவதையே பாருங்கள். சென்ட்ரிங் அடிப்பது ஒரு வேலை. கீழே கம்பி வெட்டி வளைப்பது இன்னொன்று. மேலே கம்பி கட்ட இரண்டும் முடிந்திருக்க வேண்டும். ஃபேன் பாக்ஸ் வைக்கவோ சென்ட்ரிங் மட்டும் போதும். அம்பு முறையில் அம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள்; பலரும் சென்ட்ரிங்கையும் கம்பி வளைப்பையும் ஒரே வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கிருந்து கம்பி கட்டு, ஃபேன் பாக்ஸ் இரண்டையும் கிளப்புவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படம் சொல்வது, கம்பி வளைத்து முடிக்கும்வரை எலெக்ட்ரீஷியன் சும்மா இருக்க வேண்டும் என்பது. சரியாகப் போட இரண்டுக்கும் தனித்தனி வட்டம் வேண்டும். சென்ட்ரிங் வட்டத்திலிருந்து கம்பி வளைப்பு வட்டத்துக்கு, நாள் எதுவும் பிடிக்காத ஒரு டம்மி அம்பைப் புள்ளிக்கோடாக இழுக்க வேண்டும். கம்பி கட்டு இரண்டாவது வட்டத்திலிருந்தும், ஃபேன் பாக்ஸ் முதல் வட்டத்திலிருந்தும் கிளம்பும். அந்த டம்மியின் முனையைத் தவறி மாற்றிப் போட்டால், சென்ட்ரிங் இல்லாமலே கம்பி கட்டலாம் என்றாகிவிடும்.

நாலு வேலைக்கே இந்தப் பாடு. பெட்டி முறையில் ஃபேன் பாக்ஸுக்கு ஒரு கோடு, கம்பி கட்டுக்கு இரண்டு கோடு, அவ்வளவுதான். டம்மிக்கு இடமே இல்லை. நடுவில் ஒரு வேலை மறந்துபோனால் ஒரு பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் இருந்தால்தான் இது முடியும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபாண்டால், கட்டுமான வேலைக்கு இதைக் கையாலேயே போடும் வழியை 1961-ல் விளக்கினார். பரீட்சைக்கு அம்பு முறை தெரிந்திருக்கட்டும்; சைட்டுக்கு அது வேண்டாம்.

1,200 மீட்டர் வாய்க்காலுக்கு கான்கிரீட் லைனிங் எடுத்திருக்கிறோம். கரை சீவி மட்டப்படுத்த ஒரு செட்டு, நாளுக்கு 100 மீட்டர். லைனிங் போட இன்னொரு செட்டு, நாளுக்கு 150 மீட்டர். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று சி.பி.எம். (கிரிட்டிக்கல் பாத் முறை) நெட்வொர்க் போட்டால் 20 நாள் வருகிறது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்களே!
– வாசகர், அம்பாசமுத்திரம்

20 நாள் வேண்டியதில்லை, 14 நாளில் முடியும். ஆனால் நீங்கள் நினைத்திருக்கக்கூடிய வழியில் முடியாது.

சீவுவதற்கு 12 நாள், லைனிங்குக்கு 8 நாள். 300 மீட்டர் சீவியதும், அதாவது 3 நாள் கழித்து, லைனிங்கைத் தொடங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெட்டி முறையில் இதற்குத் ‘தொடக்கத்துக்குத் தொடக்கம், 3 நாள் இடைவெளி’ என்று இணைப்புப் போடலாம். அப்படி மட்டும் போட்டால் லைனிங் 3 + 8 = 11-ம் நாளில் முடியும் என்று கணக்கு காட்டும். சீவுவதே 12-ம் நாள்தான் முடிகிறது! சீவாத கரையில் கான்கிரீட்டை எங்கே போடுவது? நிஜத்தில் நடப்பது இது: பின்னால் வரும் செட்டு வேகமானது, 9-ம் நாள் முடிவில் 900 மீட்டரில் முன்னால் போகும் செட்டைப் பிடித்துவிடும். அதன்பிறகு மிக்சர், கொத்தனார், சித்தாள் எல்லாரும் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் காத்துக் கிடப்பார்கள்; சம்பளம் மட்டும் முழுதாகப் போகும்.

பின்னால் வருவது வேகமான வேலை என்றால், கட்ட வேண்டிய முடிச்சு தொடக்கத்தில் இல்லை, கடைசியில். ‘முடிவுக்கு முடிவு’ என்ற இணைப்பைப் போடுங்கள். சீவி முடித்தபின் கடைசி 300 மீட்டர் லைனிங்குக்கு 2 நாள் வேண்டும். ஆகவே லைனிங் முடிவது 14-ம் நாள். அதிலிருந்து 8 நாளைக் கழித்தால், 6 நாள் முடிந்து 7-ம் நாள் காலையில் அந்தச் செட்டை இறக்கினால் போதும். நடுவில் ஒருநாளும் நிற்காது. பின்னால் வருவது மெதுவான வேலையாக இருந்தால் மட்டுமே தொடக்கத்துக்குத் தொடக்கம் போதும். எது வேகம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டால் இரண்டு இணைப்பையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அம்பு முறையில் இதைக் காட்ட ஒவ்வொரு வேலையையும் நாலைந்து துண்டாக வெட்டி, நடுவில் டம்மிகளைத் தைக்க வேண்டியிருக்கும். வாய்க்கால், ரோடு, பைப்லைன் என்று நீளமாகப் போகும் எந்த வேலைக்கும் பெட்டி முறையே பொருந்துவது இதனால்தான்.

இன்னொன்று: தண்ணீர் திறக்கும் நாளைச் சுவரில் அடித்த ஆணியாக வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். ஃப்ளோட் மைனஸில் வந்தால் இன்றைக்கே இன்னொரு செட்டுக்கு ஆள் சொல்ல வேண்டும். அந்தச் செட்டைச் சீவும் வேலையில் சேர்க்க வேண்டும். லைனிங்கில் சேர்த்தால் அதிகம் போனால் ஒரு நாள்தான் மிச்சமாகும்.

பாறையில் கிணறு வெட்ட எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியவில்லை. இதற்கு, ஒரு வேலைக்கு மூன்று கணிப்பு வைத்து நாள் பார்க்கும் பெர்ட் முறை சரிவருமா?
– வாசகர், வள்ளியூர்

இதற்குத்தான் அது சரி. 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, முன்பு யாரும் செய்து பார்த்திராத வேலைகளுக்கென்று பெர்ட் உருவானது. டூபான்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை வேலைகளிலிருந்து வந்த சி.பி.எம். அப்படியல்ல, அது நாள் தெரிந்த வேலைகளுக்கு.

கிணற்றுக்கு மூன்று கணிப்பு எழுதுங்கள்: எல்லாம் கைகூடினால் 6 நாள், வழக்கமாக 10, கரும்பாறை தட்டினால் 26. நடு எண்ணை 4 மடங்காக்கி மூன்றையும் கூட்டி 6-ஆல் வகுத்தால் 72 ÷ 6 = 12 நாள். கூடுவது குறைவது எவ்வளவு என்பதற்கு 26-லிருந்து 6 போக 20, அதை 6-ஆல் வகுக்க ஏறத்தாழ மூன்றேகால் நாள். மோட்டார் ஷெட், பைப் பதிப்பு போன்ற தெரிந்த வேலைகளுக்கு ஒரே எண் போதும். எல்லாவற்றுக்கும் மூன்று எண் கேட்டால் ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், கணக்கு கெட்டுவிடும்.

பெர்ட்டில் ஒரு பள்ளம் உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு வேலை வரிசைகள் (வழிகள்) ஒரே இடத்தில் சேர, இரண்டும் குறித்த நாளுக்குள் முடிய ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால், இரண்டும் சேர்ந்து முடியும் வாய்ப்பு கால்வாசிதான். நீளமான வழியை மட்டும் பார்க்கும் பெர்ட் பாதி என்றே சொல்லும். சொந்தக்காரரிடம் நாள் சொல்லும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிக்கு இந்த நெட்வொர்க் படத்தைக் காட்டலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

வேண்டாம். நெட்வொர்க் ஆபீஸில் இருக்கட்டும். அதிலிருந்து அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும், வேலைக்கு ஒரு பட்டையாக நாள் காட்டும் பார் சார்ட் எடுத்து ஷெட்டில் ஒட்டுங்கள். ஃப்ளோட் இல்லாத வேலைகள் சிவப்பில் இருந்தால் போதும்.

முட்டு பிரிக்க 14 நாள் என்று மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் போட்டால் தேதி தள்ளிப்போய் விழுகிறது. ஏன்?
– வாசகர், மேலப்பாளையம்

ஞாயிற்றுக்கிழமை லீவு என்று காலண்டரில் வைத்திருப்பீர்கள். அப்போது 14 வேலைநாள் என்பது குறைந்தது 16 நாளாகிவிடும். ஆட்களுக்குத்தான் ஞாயிறு லீவு. கான்கிரீட் இறுகுவதற்கு ஏது லீவு? இடைவெளி எண்ணுக்குப் பின்னால் இ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் எல்லா நாளையும் எண்ணும்.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்வது: ஸ்பான் (தாங்கலுக்குத் தாங்கல் தூரம்) 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஸ்பான் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நீங்கள் வாங்குவது பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசோலானா சிமென்ட்) மூட்டை என்றால் இறுகுவது மெதுவாகத்தான் நடக்கும். டிசைன் செய்த இன்ஜினீயரிடம் கேட்டு நாளைக் கூட்டிக்கொண்டு பெட்டியில் எழுதுங்கள்.