பத்து நாட்களில் ஐந்து தேசியப் பூங்காக்கள்: நல்ல படங்கள் எடுக்க 600 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டுமா?

பத்து நாட்களில் ஐந்து பூங்காக்களைப் பார்க்கப் போவதாகவும், எல்லாவற்றிலும் விலங்குகளையும் பறவைகளையும் படமெடுக்க, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஐந்தை இரண்டாகக் குறையுங்கள்.

என் முதல் பயணமும் இப்படித்தான் அமைந்தது. நாளுக்கொரு ஊர், நாளுக்கொரு நுழைவாயில். காலை வெளிச்சமெல்லாம் நெடுஞ்சாலையில் கழிந்தது. காட்டுக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீடு திரும்பிப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை ஓடுகிற மானின் பின்புறமும் வெளிறிய வானமும்தான். அந்த ஏமாற்றம் நெடுநாள் தீரவில்லை.

அடுத்த முறை ஒரே குட்டைக்கு மூன்று காலைகள் போனேன். முதல் நாள் ஒரு மீன்கொத்தியை விடாமல் துரத்திப் படமெடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. மீனைப் பிடித்ததும் அது ஒவ்வொரு முறையும் நீரின் மேல் சாய்ந்திருந்த அதே காய்ந்த கிளைக்குத்தான் திரும்பியது. மீனைக் கிளையில் அடித்து அடக்கிய பிறகே விழுங்கியது. இரண்டாம் நாள் கேமராவை அதிகம் தொடவில்லை. சூரியன் எத்தனை மணிக்கு அந்தக் கிளையைத் தொடுகிறது, பின்னணியில் வரும் எதிர்க்கரை எத்தனை மணி வரை நிழலில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், பறவை வருவதற்கு முன்பே கிளையில் ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பின்னணி இருண்டிருந்தால் கேமரா ஏமாந்துபோய்ப் படம் முழுவதையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். பறவையின் வெண்ணிறக் கழுத்தில் இறகே தெரியாமல் வெளுத்துவிடும். அதனால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வைத்திருந்தேன். இன்றும் என் அறையில் மாட்டியிருப்பது அன்று எடுத்த படம்தான். (பனி மூடிய இடங்களில் இதற்கு நேர்மாறு. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டினால்தான் பனி வெள்ளையாக இருக்கும். இல்லாவிட்டால் சாம்பல் பூத்துப்போகும்.)

இடத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு படமெடுப்பது பழைய வழக்கம். 1861-இல் புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது, ஏறத்தாழ 18-க்கு 22 அங்குல அளவுள்ள, படம் பதியும் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்றார். அந்தப் பெரிய அளவில் அவர் கொண்டுவந்தவை 30 படங்கள் மட்டுமே. எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது என்று தீர்மானிக்காமல் அவரால் ஒரு தகட்டைக்கூடச் செலவழித்திருக்க முடியாது. 1864-இல் அமெரிக்க அதிபர் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதற்கு வலுச் சேர்த்தவற்றுள் வாட்கின்ஸின் படங்களும் உண்டு என்று கருதப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

இப்போது லென்ஸ். பறவைகள்தான் உங்கள் முதல் ஆசை என்றால் 600 மி.மீ. உதவும், வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மற்றபடி 100-400 மி.மீ. ஜூம் லென்ஸே தாராளம். நண்பகலில் திறந்த புல்வெளியில் நீண்ட லென்ஸ் எதையும் நம்ப முடியாது. தரையை ஒட்டிய சூடான காற்றும் அதற்கு மேலுள்ள குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், தொலைவில் நிற்கும் விலங்கின் உருவம் நெளிந்துகொண்டே இருக்கும். எத்தனை படம் எடுத்தாலும் கூர்மை வராது. லென்ஸில்தான் கோளாறு என்று நானே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த நேரத்தை மர நிழலுக்கும் ஓடைக்கும் பட்டைகளில் படர்ந்த பாசிக்கும் கொடுங்கள். மேகமூட்டமான நாளென்றால் காட்டின் உட்பகுதி இன்னும் அழகாக வரும். ஈர இலைகளின் பளபளப்பை ஒரு போலரைசர் வடிகட்டி குறைத்து, பச்சையை அப்படியே காட்டும்.

ஷட்டர் வேகத்தை நிற்கும் விலங்குக்கு 1/500 நொடி, பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி என்று தொடங்குங்கள். விடியலில் அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தத் தயங்காதீர்கள். படத்தில் புள்ளிகள் தெரிந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன கண்ணைத் திருத்த வழியே இல்லை. வண்டியிலிருந்து எடுப்பதானால் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், ஜன்னல் விளிம்பில் தானிய மணிகள் நிரப்பிய ஒரு சிறு துணிப்பையை வைத்து லென்ஸைத் தாங்குங்கள். முக்காலியை விரிக்க வண்டிக்குள் இடம் இருக்காது. குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வரும்போது கேமராவைப் பையிலிருந்து உடனே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். மூடியபடியே சிறிது நேரம் விடுங்கள்.

தூரத்தைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் குறைந்தது 91 மீட்டர், மற்ற பெரும்பாலான விலங்குகளுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பூங்காவுக்கும் அதற்குரிய விதிகள் உண்டு. போகும் முன் படித்துவிடுங்கள். ஆனால் விதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலையைத் தூக்கி உங்களையே பார்த்து நின்றால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்றுவிடுங்கள், அல்லது மெல்லப் பின்வாங்குங்கள். அது மீண்டும் குனிந்து புல்லைக் கடிக்கும்போது எடுக்கும் படத்தில் பயம் இருக்காது. விலங்கு சிறியதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அதைச் சுற்றியுள்ள மரமும் மூடுபனியும் சேர்ந்து வரட்டும். முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தால் அது எந்தக் காட்டில் நிற்கிறது என்று படம் சொல்லாது.

கூடு தெரிவதற்காக ஓர் இலையைக்கூட விலக்காதீர்கள். அந்த இலைதான் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் வேட்டைப் பறவையிடமிருந்தும் மறைக்கிறது. காண்டாமிருகம் போல வேட்டைக்கு இலக்காகும் விலங்கைப் படமெடுத்தால், இணையத்தில் பகிரும் முன் கோப்பிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்; எந்தத் தடத்தில், எந்த நீர்நிலை அருகே பார்த்தீர்கள் என்பதையும் எழுதாதீர்கள்.