டாக்டர் வீட்டு ஃபியட் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு பழைய பத்மினி காரை வைத்து ஓட்டுவதாக அவ்வப்போது எழுதுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்வி. நான் திண்டுக்கல்லில் கல்லூரி ஆசிரியர். காரைக்குடியில் தெரிந்த குடும்பம் ஒன்றில் 1971ஆம் வருடத்து ஃபியட் 1100 டிலைட் நிற்கிறது. ஒரே வீட்டு வண்டி. வாங்கியவர் டாக்டர். கடைசிவரை கிளினிக்குக்கு அதில்தான் போய்வந்தார். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் இருக்கிறது. சாம்பல் நிறப் பெயிண்ட், கம்பெனியில் அடித்தது. கூரையில் வெளுத்து, கதவோரங்களில் உரிந்திருக்கிறது. டிரைவர் சீட் கிழிசல்.

பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும், "மொத்தமாப் பிரிச்சு, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடிச்சு புதுசாவே ஆக்கிடலாம் சார்" என்கிறார்கள். எனக்கோ இருக்கிற கோலத்திலேயே வாங்கித் தினமும் கல்லூரிக்கு ஓட்ட ஆசை. நடக்கிற காரியமா? ஐம்பது வருடம் தாண்டிவிட்டதால் வின்டேஜ் என்று பதிவு செய்துவிடு என்கிறார் நண்பர். இப்போதைய எத்தனால் பெட்ரோல் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? மனைவியின் பிறந்த வீடு கொடைக்கானல். மலை ஏறுமா?

மு., திண்டுக்கல்

*

அன்புள்ள மு.,

வாங்கலாம். வண்டியைப் பற்றிய பேச்சு அப்புறம், முதலில் ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இன்னும் டாக்டர் பெயரிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 படிவங்களில் உங்கள் பெயர் வரும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களின் விவரம் பல சமயம் ஆர்.டி.ஓ. கணினியில் ஏறியே இருக்காது. அதை ஏற்றுகிற வேலையையும் விற்பவர் தலையிலேயே கட்டுங்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் வின்டேஜ் பதிவு, தினமும் ஓட்ட நினைப்பவருக்கு ஆகாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்று சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவம் பெரிதாக மாறாமல் இருக்கும் வண்டிக்கு வின்டேஜ் பதிவு தருவார்கள். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்குச் செல்லும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிவோடு கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது என்று விதியே சொல்கிறது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் பாரம்பரிய வாகனம் என்றால் 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாததாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறது. கல்லூரி வாசலில் தினமும் நிறுத்தப்போகும் ஃபியட் இவர்கள் யாருடைய பட்டியலிலும் வராது. வராமலே இருக்கட்டும். பழைய பதிவை விடாதீர்கள். சாதாரண வண்டியாகவே எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. கொஞ்சம் வலிக்கும்தான்.

சரி, இருக்கிற கோலத்திலேயே ஓட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த மெக்கானிக்குகளைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பிரித்து, பட்டி வைத்து, பளபளவென்று நிறுத்திய வண்டியை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. எந்த போல்ட் மாறியது, தகரத்தை வெட்டி ஒட்டினார்களா அல்லது துருவின் மேலேயே பட்டியைப் பூசினார்களா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பிரிக்காத வண்டியில் எல்லாம் வெளியே தெரியும். கூரை வெளுப்பு வெயிலால் வந்தது, கதவோரம் உரிந்தது கைபட்டு வந்தது, சீட் கிழிந்தது டாக்டர் ஏறி இறங்கியதால். இவை எதுவும் வண்டியை நடுவழியில் நிறுத்தப்போவதில்லை. நிறுத்தக்கூடியவை பிரேக், டயர், ஒயரிங், பெட்ரோல் லைன், ரேடியேட்டர். பெயிண்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அங்கே போடுங்கள். கம்பெனி பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது கிடைக்காது. அதிலும் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அது இன்னொரு அலைச்சல். சீட்டுக்கு ஒரு உறை தைத்துப் போடுங்கள், போதும்.

துருவை மட்டும் சும்மா விட முடியாது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. ஃபியட்டுக்கு அது கிடையாது, பாடிதான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் தரையும் அரித்திருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று பொருள். தரை விரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடங்களைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று உங்களுக்குச் சாதகம். காரைக்குடி வெயில் பெயிண்டைத் தின்னும், தகரத்தை அவ்வளவாகத் தின்னாது. இதே வண்டி தூத்துக்குடியில் நின்றிருந்தால் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வருடம் நின்றதுதான் எனக்குக் கவலை. புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை மொத்தமாக இறக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுற்றினால் மட்டும் ஆயிலையும் தண்ணீரையும் மாற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். ஆகவே ரேடியேட்டரை முதலிலேயே கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலில் வால்வ் தேயும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். அலுமினிய ஹெட்டில் வால்வ் சீட்டுகள், அதாவது வால்வ் வந்து உட்காரும் வளையங்கள், தனியாகப் பதித்தவை. 2000த்தோடு நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. டாக்டர் அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் இதை ஓட்டியிருக்கிறார்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம், அதுவும் ஒற்றை சர்க்யூட். எங்கோ ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பெடல் தரையைத் தொட்டுவிடும். இன்றைய காரில் வளர்ந்த நமக்கு இது உறைப்பதில்லை. டிரம்மைக் கழற்றியதும் மெக்கானிக் பிரேக் ஷூவைத்தான் பார்ப்பார். நீங்கள் அந்த ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதை லேசாக விலக்கினால் உள்ளே காய்ந்த தூசி தெரிய வேண்டும். ஈரம் மினுங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது. "இது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் சார்" என்ற வார்த்தையை அந்த இடத்தில் மட்டும் நம்பாதீர்கள். சிலிண்டர் உள்சுவரில் நகத்தை ஓட்டும்போது குழி தட்டுப்பட்டால் வெறும் ரப்பர் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே கணக்குதான். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும், அவற்றையும் தூக்கிப் போடுங்கள். அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றினால் போதும்.

டயரில் பட்டன் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டாக்டர் கடைசி வருடங்களில் கிளினிக் தாண்டி அதிகம் ஓட்டியிருக்க மாட்டார் என்பதால் டயர் தேயாமலேயே கிழடாகியிருக்கும். மூல அளவு 5.20-14.

எத்தனால் விஷயம். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவும் விரிசல் விடவும் வைக்கும். ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பருக்கு மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரத்தையும் கார்பரேட்டர் கிட்டையும் புதிதாகப் போடுங்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகத்தான் தேவை என்பதால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை மெலிந்துபோகும். பிளக் முனை வெள்ளையாக வந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள். மற்றபடி இந்தப் பெட்ரோல் அதிகம் கெடுப்பது நிற்கிற வண்டியைத்தான். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும்போதுதான் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவைக் கிளப்பும். வாரம் ஒருமுறை டேங்க் காலியாகி நிரம்பினால் அதற்கு அவகாசமே இல்லை. ராலிக்காரர்களைவிட உங்களுக்குத் தொல்லை குறைவு.

உதிரி பாகத்துக்கு இப்போதைக்குப் பயமில்லை. பம்பாய் குர்லாவில் 1964இல் வந்த இந்த டிலைட்தான் பிரசிடென்ட் ஆகி, 1974இல் பத்மினி ஆகி, 2000 வாக்கில் நின்றது. அடிப்படை இன்ஜின் அதே 1089 சி.சி. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டால் கிடைக்கும். ஆனால் மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. டாக்ஸிகளை நம்பி உதிரி செய்தவர்கள் இனி எத்தனை நாள் செய்வார்கள்? கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) செட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் மூன்றையும் இப்போதே வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். கண்ணாடி ஓர ரப்பர், விளக்கு மூடி, எழுத்து வில்லைகள் இவற்றைக் கழற்றவே விடாதீர்கள். பெயிண்டருக்கு வண்டியைக் கொடுத்தவர்கள் அதிகம் தொலைப்பது இவற்றைத்தான்.

தினசரிக்கென்று சில சேர்க்கைகளை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஹெட்லைட்டுக்கு ரிலே, முன் சீட்டுக்கு பெல்ட், காலருகே ஒரு தீயணைப்பான். பெல்ட்டைத் தரைத் தகரத்தில் வெறுமனே போல்ட் அடித்து மாட்டிவிடுவார்கள். அடியில் கனமான தகடு வைத்து மாட்டச் சொல்லுங்கள். டைனமோ இருக்கும் வண்டி என்றால் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கும், அது கோளாறல்ல. பிளக்குக்குத் தீப்பொறி வர உதவும் பாயிண்டையும் கன்டென்சரையும் மாற்றக் கற்றுக்கொண்டு ஒரு செட்டை டேஷ்போர்டில் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் திடீரென்று நின்றுபோனால் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கிரீஸ் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், முன்பக்கக் கிங்பின்கள் அதில்தான் உயிர்வாழ்கின்றன.

கொடைக்கானல் ஏறும். நாற்பது குதிரைத்திறன் என்பதால் பெரும்பகுதி இரண்டாவது கியரில்தான், பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டே. விடிகாலையில் ஏறுங்கள். மேலே 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் கலவை அடர்த்தியாகும். எத்தனால் அதை மெலிய வைக்கும், ஆக அங்கே மட்டும் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும். இறங்குவதுதான் கவனம். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். டிரம் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிரம் விரிசல் விடும். வீல் சிலிண்டர் வேலை முடியும்வரை வத்தலக்குண்டுக்கு மேலே போகாதீர்கள். அதுவரை மாமனார் வீட்டுக்கு பஸ்.