நிரல் எழுதப் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பன்னிரண்டு வருடமாக நிரல் எழுதுவதுதான் என் வேலை, வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான். புத்தகம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நான் பி.காம். கோடிங் சுத்தமாகத் தெரியாது. பைத்தான் என்ற நிரல் மொழி கற்க ஆசை. கடையில் வரிசையாகப் பத்துப் புத்தகம் இருக்கிறது, எதை எடுப்பது?

பழைய புத்தகக் கடை என்றால் முதலில் பிரிண்ட் வரும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் நேரடியாக மேற்கோள்குறி வந்தால் அது பைத்தான் 2 புத்தகம், திரும்ப வைத்துவிடுங்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுபோனது.

அப்புறம் முன்னுரையை விட்டுவிட்டு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். நிரலைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறதா, இல்லை இந்த வரியை மாற்றினால் என்ன ஆகும், தப்பாக எழுதினால் திரையில் என்ன வரும் என்று காட்டுகிறதா? பயிற்சிக் கேள்விகள் "லூப் என்றால் என்ன" என்று கேட்டால் அது பரீட்சைக்கான புத்தகம். "இதை எழுதிப் பார்" என்று கேட்க வேண்டும். உங்களுக்கு எக்செல் பழக்கம் இருக்கும் என்பதால் ஆல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' எடுக்கலாம். எக்செல், பிடிஎஃப் கோப்புகளை வைத்தே வேலை வாங்கும் புத்தகம், ஆசிரியரே தன் தளத்தில் இலவசமாகப் படிக்க விட்டிருக்கிறார்.

முதலாமாண்டு இன்ஜினியரிங். காலேஜில் சி மொழிக்கு டர்போ சி என்ற பழைய மென்பொருள், புத்தகம் முழுக்க வாய்ட் மெயின், கோனியோ என்று அந்தக் காலத்து எழுத்துமுறை. இதையே படித்தால் போதுமா மேடம்?

பரீட்சைக்குப் படியுங்கள், கற்றுக்கொள்ள வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒரு தம்பி, மனப்பாடமாகத் தெரிந்த ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்குவது) நிரலில் 8 கொடுத்தால் -25216 வருகிறது, கணக்கு தப்பா என்று இரண்டு நாள் தவித்திருக்கிறான். கணக்கு சரிதான். டர்போ சி-யில் இன்ட், அதாவது முழு எண்ணுக்கான இடம், 2 பைட்தான், 32767-க்கு மேல் தாங்காது, 8-இன் ஃபேக்டோரியல் 40320. இன்றைய கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) இன்ட் பெரும்பாலும் 4 பைட் என்பதால் 12 வரை சரியாக வரும், 13-இல் இதே கதைதான். எண் ஏன் நிரம்பி வழிகிறது என்பதை அவனுடைய புத்தகம் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை.

கெர்னிகன், ரிட்சி எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' இரண்டாம் பதிப்பை (1988) வாங்குங்கள். 300 பக்கத்துக்கும் குறைவு. ஆனால் மாறி (வேரியபிள்), லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தெரிந்தவருக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் ஒரு செமஸ்டர் கழித்துத் தொட்டால் இனிக்கும். அதில் நிரல் தொடங்கும் இடமான மெயினுக்கு முன்னால் எதுவும் இருக்காது, நீங்கள் இன்ட் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் அதைப் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். பயிற்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள், அந்தப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலப் புத்தகம் பத்துப் பக்கம் தாண்டவில்லை. தமிழில் இருக்கிறதா அக்கா?

இருக்கிறது. கணியம் தளத்தின் 'எளிய தமிழில்' வரிசையைப் பாருங்கள், தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல், வலைப்பக்கத்துக்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எல்லாம் இருக்கின்றன, மின்னூலாக இலவசம். தமிழில் படிப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள், கருத்து மனதில் பதிவதுதான் முக்கியம். கூடவே ஒரு நோட்டு போட்டு, திரையில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதுங்கள். அடிக்கடி வருவது ஒரு முப்பது செய்திதான், அது பிடிபட்டதும் ஆங்கிலப் புத்தகமும் தானாக வசப்படும்.

வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு?

வீடியோவும் பாருங்கள். ஆனால் அதில் அவர் தட்டுகிறார், நீங்கள் பார்க்கிறீர்கள். புத்தகத்தில் நீங்களே தட்டியாக வேண்டும், அப்போதுதான் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் அரை மணி நேரம் தேடுவீர்கள். அந்த அரை மணி நேரம்தான் படிப்பு.

இன்டர்வியூவுக்காக 'இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்' வாங்கிவிட்டேன், ஆயிரத்து முந்நூறு பக்கம். மூன்றாவது அத்தியாயத்திலேயே மூன்று மாதமாக நிற்கிறேன்.

நீங்கள் மக்கு இல்லை, அங்கே பலரும் நிற்கிறார்கள். அந்த இடத்தில் இருப்பது முழுக்கக் கணிதம், நிரல் கிடையாது. அதை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. இரண்டாவது அத்தியாயத்தில் இன்சர்ஷன் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை இருக்கிறது, ஐந்து சீட்டுகளைக் கையில் எடுத்து அது சொல்கிற மாதிரியே அடுக்கிப் பாருங்கள், அப்புறம் பார்க்காமல் நிரலாக எழுதுங்கள். அதன்பின் ஹாஷ் டேபிள், பைனரி தேடல் மரம், கிராஃப் என்று தரவை அடுக்கிவைக்கும் முறைகளில் வேண்டியதை மட்டும் எடுங்கள். கணிதம் தேவைப்படும்போது மூன்றாவது அத்தியாயத்துக்குத் திரும்பலாம், எதற்காகப் படிக்கிறோம் என்று அப்போது தெரிந்திருக்கும்.