கடைசி பெஞ்சில் உட்காரத் தயாரா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரி. பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ ஆங்கிலத்தில். பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். திருவனந்தபுரம் ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸும் கிடைக்கும், தினமும் பஸ்ஸில் போய் வரலாம். "பெண் பிள்ளைக்கு அஞ்சு வருசம் எதுக்கு? அந்தச் சுமையை உன்னால தாங்க முடியாது" என்கிறார் மாமா. நுழைவுத் தேர்வில் விட்டுப்போன ஒரு கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கிறேன், வரவில்லை. நான் போகலாமா?

பதில்: மாமா சொன்னதில் முதல் பாதிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைப் பேசுவோம்.

ஐசரில் எடுத்தவுடன் பிசிக்ஸ் மட்டும் படிக்க விடமாட்டார்கள். கெமிஸ்ட்ரி, கணக்கு, பத்தாவதோடு நீ கைகழுவியிருந்தாலும் பயாலஜி, எல்லாம் சேர்ந்துதான் வரும். லேப் ரெக்கார்டை முடித்தால் அசைன்மென்ட் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்தில் உட்காரும் ஒவ்வொருவரும் அவரவர் பள்ளியில் முதல் ரேங்க். முதல் செமஸ்டரில் நீ கடைசி வரிசைக்குப் போனாலும் ஆச்சரியமில்லை. நான் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்திய காலத்தில், அழுதுகொண்டு வந்த பலருக்குப் பாடம் புரியாமல் இல்லை. மார்க் லிஸ்ட்டில் தங்கள் பெயர் இருந்த இடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆங்கிலத்துக்காகப் பயப்படாதே. இரண்டு வருடம் அதிலேயே படித்துவிட்டாய். வாய் திறந்து பேசுவதுதான் பாக்கி, அது தானாக வரும்.

சரி, சித்தூர் மட்டமா? இல்லவே இல்லை. கேரளத்தில் 2024 முதல் நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் வருட முடிவில் பட்டத்தோடு வெளியே வரலாம்; நான்காம் வருடமும் தங்கினால் ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் வருடத்தில் ஆராய்ச்சி செய்யலாம். மூன்று வருடத்தோடு நிறுத்திவிட்டு, ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரவும் வழி இருக்கிறது. சித்தூர் உனக்கு யோசிக்க மூன்று வருடம் தருகிறது. ஐசர் முடிவை இப்போதே கேட்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். அறிவியல்தான் வேண்டுமா என்று தெரியாத பிள்ளையாக இருந்தால் சித்தூருக்கே போகச் சொல்லியிருப்பேன். அப்போதும், நான்காம் வருட ஆராய்ச்சிக்கு அந்தத் துறையில் யார் வழிகாட்டுவார்கள், லேப் எப்படி என்று நேரில் போய் விசாரித்துவிட்டுச் சேரச் சொல்வேன்.

ஆனால் உனக்குத் தெரிந்திருக்கிறது. தேர்வு முடிந்து, இடமும் கிடைத்த பிறகு அந்தக் கணக்கால் உனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மார்க்குக்காகப் படிப்பவர்கள் அதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். நீ "வரவில்லை" என்பதைக் குறையாக எழுதியிருக்கிறாய். ஆராய்ச்சியில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் போகும், வராத கணக்கோடு. அதோடு உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறவள் நீ. ஐசருக்குப் போ.

சேரும் முன் இரண்டு வேலை. ஐசர் இணையதளத்தில் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பார்த்து, பயாலஜியை இப்போதே தொட்டு வை. அப்புறம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் ரயிலேறித் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் விதுராவுக்குப் போய், பொன்முடி அடிவாரத்தில் இருக்கும் அந்த வளாகத்தையும் ஹாஸ்டலையும் காட்டு. திரும்பி வந்ததும் மாமாவுக்கான பதிலை அப்பாவே சொல்லிக்கொள்வார்.