பழைய கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் தேய்ந்துபோன எழுத்துகளை எப்படிப் படித்துப் பதிவு செய்வது?

முதலில் ஒரு வேண்டுகோள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, ஷேவிங் நுரை பூசுவது, கம்பி பிரஷ் போடுவது எதுவும் வேண்டாம். கல்லின் மேற்பரப்பு உரிந்துவிட்டால் அந்தப் பெயர் போனது போனதுதான்.

வெளிச்சம் போதும். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல்மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். வெறும் பாறை போலிருந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து மேலே வரும், 1 என்று நினைத்தது 7 என்று அப்போதுதான் தெரியும். எனக்கு அந்த நொடி இன்னும் சிலிர்க்கும். மேகமூட்டமா, டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பிடித்தாலும் சரி.

நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியதும் வரிசை, எண் போட்டு வரைபடம் வரைந்துவிடுங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், பக்கத்துக் கல்லறையோடு குழம்பிவிடும். அப்புறம் வாசகத்தை வரிக்கு வரி, எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே எழுதுங்கள், படிக்க முடியாததைச் சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்து விடுங்கள், ஊகித்து நிரப்பினால் பின்னால் தன் குடும்பத்தைத் தேடி வருபவர் தவறான ஆளிடம் போய் நிற்பார்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தப் போகாதீர்கள். ஆளையே நசுக்கும் கனம் அது.