கெல்ப் காட்டுக்குள் எந்த மிதவைக் கயிறு?

கேள்வி: சான் டியாகோவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். ஹவாயில் இரண்டு வருடம் மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்திருக்கிறேன். அங்கே திறந்த கடல். இங்கே கெல்ப் பாசிக்குள் இறங்க வேண்டும். கொடி வைத்த உருண்டை மிதவையும், அதைத் துப்பாக்கியோடு இணைக்க 30 மீட்டர் ரப்பர் கயிறும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ட்யூனா போன்ற பெரிய மீன் ஆழத்துக்கு இழுத்து ஓடும்போது அந்த வேகத்தைத் தாங்கத்தான் நீளும் கயிறு. ஜயன்ட் கெல்ப் வேறு சங்கதி. அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு 30 மீட்டர்கூட வளரும், மேலே வந்ததும் பாய் விரித்ததுபோலப் படரும். பின்னால் இழுபடும் கயிறு இந்தத் தண்டுகளுக்கு நடுவே தையல் நூல்போல ஓடும். இறங்கிய வழியை விட்டு வேறு வழியில் ஏறினால் போச்சு, பாதியில் இழுத்து நிறுத்திவிடும்.

எனவே துப்பாக்கியிலேயே பொருத்தும் ரீல் வாங்குங்கள், அதாவது ஈட்டியோடு சேரும் நூலைச் சுற்றி வைக்கும் உருளை. 50 மீட்டர் நூல் போதும். மிதவையை உடம்போடு இழுத்துத் திரியாமல், கெல்ப்பின் ஓரத்தில் நாலைந்து தண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக் கொக்கி மாட்டி நிறுத்திவிடலாம். இளைப்பாறவும் பிடித்த மீனைக் கோக்கவும் அங்கே வந்தால் போதும்.

கயிறு கட்டாயம் வேண்டுமென்றால் வினைல் உறை போட்ட வழுவழுப்பானது, 15 மீட்டருக்குள். மிதவை நீண்டு ஒல்லியாக இருக்கட்டும். கொடிக்கம்பு பாசியில் மாட்டும். கடையிலேயே கயிற்றை மூடிய கைக்குள் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பாருங்கள். முடிச்சோ கொக்கியின் விளிம்போ உள்ளங்கையில் தட்டினால், அந்த இடத்தில் கெல்ப்பும் தட்டும். விலை குறைவு என்று நான் முதலில் வாங்கியது பின்னல் கயிறு. ஒரே காலையில் ஒரு கட்டுப் பாசியைச் சேர்த்துக்கொண்டு கரைக்கு வந்தது.

இங்கே கிடைக்கும் பெரிய மீனான வெள்ளை சீபாஸ் அடிபட்டதும் கெல்ப்புக்குள் பாய்ந்து தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். அப்போது இழுக்காதீர்கள். நூலை விட்டுக்கொண்டே மேலே வாருங்கள், நன்றாக மூச்சு வாங்குங்கள், அப்புறம் கூட வந்தவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க நூலைப் பிடித்து இறங்குங்கள். தனியாக மட்டும் போகவே வேண்டாம். நீங்களே சிக்கினாலும் உதறாதீர்கள், உதறினால் இன்னும் இறுகும். தண்டை இரண்டாக மடித்தால் பீன்ஸ் காய்போலப் பட்டென்று முறியும். முறியாததற்குக் கத்தி. அதை இடுப்பில், இரண்டு கைக்கும் எட்டும்படி வையுங்கள். காலில் கட்டினால் அந்த வாரிலேயே பாசி மாட்டும்.

இன்னொன்று. சான் டியாகோவின் லா ஹோயா கடற்கரையில் மட்லாவயில் (Matlahuayl), தெற்கு லா ஹோயா இரண்டும் மீன் பிடிக்கவே கூடாத காப்பகங்கள். எல்லையை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, கலிஃபோர்னியா மீன்பிடி உரிமத்தோடு இறங்குங்கள். வெள்ளை சீபாஸ் 28 அங்குலமாவது இருக்க வேண்டும். தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.